மச்சானும் ஒரு டிபி விலையும்

எங்கள் மச்சானுக்கு ஒரு வகுத்தல் வியாதி உண்டு. பெரிய ஹார்ட் டிஸ்க் எங்கே விற்றாலும் மொத்த விலை அவர் காதில் ஏறாது. ஒரு டிபிக்கு, அதாவது ஒரு டெராபைட்டுக்கு (சுமார் ஆயிரம் ஜிபி) எவ்வளவு விழுகிறது, அதுதான் பேச்சு. குடும்பத்துப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. இருந்த டிஸ்க் நிறைந்து சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. அக்கா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "விலை இறங்கும், பொறு."

2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்க விலை எகிறியதே, அதற்கு முந்தின வாரம் ஒன்றை வாங்காமல் விட்ட வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதிலிருந்துதான் இந்தக் காவல் வேலை. விலை இறங்குவதும் நடுராத்திரியில்தான். "மாப்ளே, தூங்கிட்டியா?" என்று போன் வரும். தூங்கிட்டேன் என்று சொன்னாலும் பேசுவார்.

இதற்கிடையில் என் சித்தப்பா வந்தார், சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு டப்பாவோடு. 16 டிபியாம். விலையைச் சொன்னதும் மச்சான் வழக்கம்போல வகுத்தார். விடை கிட்டத்தட்டச் சுழியம்.

"மாமா, இது டூப்பு."

"என்ன மாப்பிள்ளை, கம்ப்யூட்டரே 16 டிபின்னு காட்டுதே! நான் போட்ட படம் பூரா உள்ள இருக்கு, பேரெல்லாம் வரிசையா தெரியுது பாருங்க."

"பேர் மட்டும்தான் மாமா இருக்கும்."

எஃப்3 என்ற இலவச நிரலை ஓட்டினார். டிஸ்க் முழுக்க எழுதி, எழுதினதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சமாசாரம் அது. 64 ஜிபிக்கு மேல் எழுதினது ஒன்றும் திரும்பவில்லை. சித்தப்பா அப்போதும் நம்பவில்லை. மூடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு சின்னப் பச்சைப் போர்டு, அதில் பசை போட்டு ஒட்டின விரல் நக அளவு மெமரி கார்டு. மீதி இடமெல்லாம் காற்று. சித்தப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பேரெல்லாம் எங்கேர்ந்து வருது?" என்றார். பட்டியல் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது என்று விளக்கினோம். அரசியல் பக்கம் பேச்சு திரும்பி அந்தச் சாயங்காலம் ஒருவழியாகக் கழிந்தது.

டேட்டா சென்டரில் கழித்துக்கட்டிய டிஸ்க்குகளையும் மச்சான் விடவில்லை. யாரோ ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில், அதாவது டிஸ்க் தன் உழைப்பையும் உடல்நிலையையும் தானே குறித்துவைக்கும் கணக்கில், 42,000 மணி நேரம் ஓடியதாக இருந்தது. வருஷத்துக்கு 8,760 மணி. "கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் கண்ணை மூடாம உழைச்சிருக்கு மாப்ளே" என்று ஏதோ ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோல் உருகினார். என்னைக் கேட்டால், அது தப்பே இல்லை. வயதை மறைக்காமல் சொல்கிற பழைய டிஸ்க் பரவாயில்லை. 2025 தொடக்கத்தில் செய்தி வந்ததே, ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கைச் சில விற்பனையாளர்கள் அழித்துவிட்டுப் புதுசு என்று தள்ளியது, அதுதான் பயம். ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு டிஸ்க்குக்குள்ளேயே இருந்ததால் குட்டு வெளிப்பட்டது.

கடைசியில் மச்சான் மனசு இறங்கியது ஒரு 18 டிபி எக்ஸ்டர்னல் டிரைவில். டிஸ்க்கைத் தனியாக வாங்குவதைவிட, அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, யுஎஸ்பி போர்டு, அடாப்டர் எல்லாம் சேர்த்து வாங்கினால் பல சமயம் மலிவு. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கூட்டை உடைத்து டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொள்வது மச்சான் மாதிரி ஆட்கள் வட்டாரத்தில் பழைய வித்தை.

உடனே உடைக்கவில்லை. முதலில் சோதனை. நொடிக்குச் சராசரி 200 எம்பி என்று வைத்தாலும் 18 டிபியை எழுதி முடிக்க 25 மணி நேரம். அதைப் படித்துப் பார்க்க இன்னொரு அவ்வளவு. ஹாலில் அது கரகரவென்று முனகிக்கொண்டே கிடந்தது. பக்கத்தில் யாரும் அதிர நடக்கக்கூடாது என்று உத்தரவு.

தேறியது. அப்புறம் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து ஆபரேஷன். காலாவதியான பிளாஸ்டிக் கார்டுகளை இடுக்கில் சொருகிச் சொருகி நெம்ப, உள்ளே கொக்கிகள் 'டக், டக்' என்று விட்டுக்கொடுத்தன. ஒவ்வொரு 'டக்'குக்கும் அக்கா முகம் சுளித்தாள்.

"புதுசு வாங்கினதை இப்படித்தான் உடைப்பாங்களா?"

"உடைக்கல, உரிக்கிறேன்."

உரித்ததைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் டிஸ்க் சுற்றவே இல்லை. மச்சான் கலங்கவில்லை, இதையும் படித்து வைத்திருந்தார். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் இணைப்பில் மூன்றாவது பின் இருக்கிறதே, பழைய பவர் சப்ளைகள் அதில் 3.3 வோல்ட் அனுப்பும். புது விதிப்படி அந்தப் பின்னில் மின்சாரம் வந்தால் 'நின்றுபோ' என்று அர்த்தம். டிஸ்க் பாவம், சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறது. மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப்பை நூல் மாதிரி நறுக்கி, அக்காவின் புருவ ட்வீசரால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பின்மேல் ஒட்டினார். இந்தத் தடவை ஒரு மெல்லிய உறுமலோடு கிளம்பியது.

வெற்றிக் களிப்பில் அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவள் கண் நேராக எண்ணுக்குப் போனது.

"16.37-ன்னு போட்டிருக்கு. மீதி ஒன்றரை எங்கே?"

விற்பவர் ஒரு டிபியை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் நான்கு தடவை வகுக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று மச்சான் பேப்பரில் போட்டுக் காட்டினார். "அப்ப நீங்க இத்தனை நாளா வகுத்ததெல்லாம் தப்பா?" என்றாள் அக்கா. மச்சான் பேனாவை மூடினார்.

அவள் விடவில்லை. "சரி, இது திடீர்னு போயிட்டா?"

"இன்னொண்ணு வேணும். பேக்கப். விலை இறங்கினதும்..."

அவர் முடிப்பதற்குள் அக்கா போனை எடுத்து, ஆஃபர் கீஃபர் எதுவும் இல்லாத 18 டிபி ஒன்றை முழு விலைக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். மச்சான் உதடு மட்டும் அசைந்தது. வகுக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அது வந்து சேர்ந்ததும் அதையும் நாள் கணக்கில் சோதித்தார். ஓடிய மணி சுழியம், எழுத முடியாமல் கெட்டுப்போன இடம் (செக்டர்) சுழியம், டேப் ஒட்டவும் தேவைப்படவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒண்ணுமே இல்ல மாப்ளே" என்றார், குரலில் ஏமாற்றம் வழிய.