லிட்வினோவ்காரர்

ஐஸ் பார் எடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து கேனைத் தூக்கி அப்படியே கவிழ்த்தால் பார் அசையாது. சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்க வேண்டும். தகரத்தை ஒட்டின ஐஸ் காகித கனத்துக்கு இளகும். அப்புறம் கேனைச் சாய்த்தால் போதும், வழுக்கிக்கொண்டு தானே வெளியே வரும். முப்பது வருஷத்துக்கு மேலாக வேலூரில் இதுதான் என் பிழைப்பு. மீன் கடை, சர்பத் கடை, கல்யாண மண்டபம் என்று லோடு போகும். அக்னி நட்சத்திரத்தில் ஊரே எங்களைத் தேடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன சித்திரையில் காலேஜ் லீவுக்கு வந்திருந்த மச்சான் மகன் மெஷின் ரூமுக்குள் வந்து போனை நீட்டினான்.

"இன்னா மாமா, நீங்க கட்ற ஐஸ் மேலயே கால்ல கத்தி கட்டிக்கினு ஓடறானுங்க, பாருங்க."

ஐஸ் ஹாக்கி. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஐஸைத்தான் பார்த்தேன். முழுக்க வெள்ளையாக இருந்தது. எங்கள் தொழிலில் வெள்ளை என்றால் வேலை சரியில்லை என்று அர்த்தம். கேனுக்குள் காற்றுக் குழாய் விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் பார் கண்ணாடி மாதிரி கட்டும். கடைசியில் நடுவில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பாலாற்றங்கரை போர் தண்ணீருக்கு இது செய்யாவிட்டால் பாருக்கு நடுவே வெள்ளை ஓடும். "இன்னாடா, இப்படிக் கட்டி வெச்சிருக்கானுங்க" என்றேன். பையன் தேடிப் பார்த்துச் சொன்னான், அது பெயின்டாம். ஐஸுக்கு உள்ளே வெள்ளை அடித்து, கோடு போட்டு, அதன் மேல் திரும்பவும் தண்ணீர் விட்டுக் கட்டுகிறார்களாம். மொத்தக் கனமே ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். அடியில் குழாய் குழாயாகக் குளிர்ந்த உப்புத்தண்ணி ஓடுகிறது. பல இடங்களில் அதைக் குளிர வைப்பது அம்மோனியா கம்ப்ரசர். ஆக, என் மெஷின் ரூமேதான். ஆட்டத்துக்கு நடுவே கீறல் விழுந்த ஐஸ் மேல் வெந்நீர் விட்டு மெழுகுகிறார்கள். அதுவும் எனக்குப் புரிந்தது. சூடான தண்ணீரில் காற்று குறைவு, கீறலையும் கொஞ்சம் இளக்கிக்கொண்டு சேரும்.

அப்புறம்தான் மனிதர்களைக் கவனித்தேன். பெஞ்சுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு வாட்டசாட்டமான ஆள் நின்றிருந்தார். பெயர் இவான் ஹ்லிங்கா. அன்றிலிருந்து ராத்திரி ஷிப்டில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறந்தது 1950இல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் மோஸ்ட் என்ற ஊரில். அடியில் நிலக்கரி இருக்கிறது என்று பழைய ஊரையே இடித்துவிட்டார்களாம். ஒரு மாதா கோயிலை மட்டும் 1975இல் தண்டவாளத்தில் ஏற்றி 841 மீட்டர் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். (இது ஹாக்கிக்குச் சம்பந்தமில்லை. ஆனால் கோயிலை ரயில் மாதிரி ஓட்டியதைப் படித்துவிட்டு எழுதாமல் எப்படி இருப்பது?) ஆடியது பக்கத்து ஊரான லிட்வினோவில். நிலக்கரியும் கெமிக்கல் தொழிற்சாலையுமாக இருக்கிற ஊர் அது. நமக்கு ராணிப்பேட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1972இல் சோவியத் அணி தொடர்ந்து ஒன்பது வருஷம் வைத்திருந்த உலகப் பட்டத்தைச் செக்கோஸ்லோவாக்கியா பறித்தபோது இவருக்கு வயது 22. 1976, 1977இலும் பட்டம். நாட்டுக்காக 256 ஆட்டம், 132 கோல்.

அந்தக் காலத்தில் அங்கிருந்து அமெரிக்கா, கனடா போய் ஆட நினைத்தவர்கள் பெரும்பாலும் நாட்டை விட்டு ஓடித்தான் போக வேண்டும். ஹ்லிங்கா 1981இல் அரசாங்க அனுமதியோடு கனடாவின் வான்கூவர் அணிக்குப் போனார். கூடப் போனவர் யிர்ஷி பூப்லா என்ற தடுப்பாட்டக்காரர். முதல் பருவத்திலேயே, போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து, 60 புள்ளி. 31 வயதில் புது ஊரில் போய் இறங்கினவர் எடுத்தது அது. அந்தப் பருவத்திலேயே அணி, அங்கே பெரிய பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிவரை போய், நியூயார்க் ஐலண்டர்ஸிடம் நாலு ஆட்டத்தையும் தோற்றது. இரண்டு பருவம் ஆடிவிட்டு அங்கிருந்து கிளம்பிவிட்டார். பிறகு லிட்வினோவில் பயிற்சியாளர்.

பையன் முதலில் காட்டியது 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதி, கனடாவோடு. செக்கோஸ்லோவாக்கியா அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஹ்லிங்கா செக் அணியின் பயிற்சியாளர். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல் தன் ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்குக்கு விட்டது அதுதான் முதல் தடவை. கனடா, அமெரிக்கா இரண்டும் நட்சத்திரப் பட்டாளத்தோடு வந்தன. ஹ்லிங்கா கூட்டிப் போனவர்களில் பாதிப்பேர் ஐரோப்பாவிலேயே ஆடிக்கொண்டிருந்தவர்கள். கால் இறுதியில் அமெரிக்காவை 4-1 என்று அனுப்பிவிட்டார்கள்.

அரையிறுதியில் முதல் கோல் போட்டது யிர்ஷி ஷ்லேகர். இந்தப் பையன் யார் தெரியுமா? ஹ்லிங்காவோடு வான்கூவர் போன பூப்லாவின் மகன். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கனடா சமன் செய்தது. கடைசியில் அணிக்கு ஐந்து தனி அடி, கோல்கீப்பருக்கு எதிரே ஒற்றை ஆள். செக் அணிக்கு முதல் ஆளாக ஹ்லிங்கா அனுப்பியது ரோபர்ட் ரெய்கல். லிட்வினோவிலேயே பிறந்து அங்கேயே ஆடி வளர்ந்தவர். பந்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற அந்த ரப்பர் வட்டு கம்பத்தில் பட்டு உள்ளே போனது. எதிர்ப்பக்கம் ஐந்து பேர் வந்தார்கள். கோல்கீப்பர் தோமினிக் ஹாஷெக் ஐந்தையும் தடுத்தார். கனடாவின் பயிற்சியாளர் அந்த ஐந்து பேரில் வெய்ன் கிரெட்ஸ்கியைச் சேர்க்கவில்லை. ஐஸ் ஹாக்கிக்கே சக்கரவர்த்தி அவர், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஹ்லிங்கா நம்பியது தன் ஊர்ப் பையனை.

இறுதியில் ரஷ்யாவோடு 1-0. அந்த ஒரே கோலைப் போட்ட பெத்ர் ஸ்வபோதாவும் மோஸ்டில் பிறந்து லிட்வினோவில் ஆடியவர்தான். "மாமா, ஒரே தெருக்காரனுங்க ஒலிம்பிக் ஜெயிச்ச மாதிரி கீது" என்றான் பையன். அப்படித்தான் இருந்தது.

இதுவரைக்கும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிட்ஸ்பர்க் வந்ததும் மனசு சரியில்லை.

2000இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. என்எச்எல்லில் ஐரோப்பாவில் ஆடி வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அந்தப் பருவத்தில்தான் முதல்முறை. சிகாகோவுக்கும் ஒரு பின்லாந்துக்காரர் வந்தார். ஹ்லிங்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. போதாக்குறைக்கு, அணியின் முதலாளிகளில் ஒருவரான மாரியோ லெமியூ ஓய்விலிருந்து திரும்பி, டிசம்பரில் இவருக்குக் கீழேயே ஆட இறங்கிவிட்டார். முதலாளியை பெஞ்சில் உட்கார வைத்து வேலை வாங்குவது எப்படி இருக்கும் என்று தொழிற்சாலையில் இருக்கிற எனக்குத் தெரியும். அப்படியும் 42 ஆட்டம் ஜெயித்துக் கிழக்குப் பிரிவு இறுதிவரை கொண்டுபோனார். அந்தக் கோடையில் அணியின் பெரிய நட்சத்திரம் யாரோமிர் யாகரை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவம் முதல் நாலு ஆட்டமும் தோல்வி. நாலே ஆட்டம்தான், ஹ்லிங்காவை அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்ரசரைக் கழற்றி விற்றுவிட்டு, ஏன் ஐஸ் கட்டவில்லை என்று ஆபரேட்டரைக் கேட்பது இது.

நானும் ஒருமுறை இப்படித் திரும்பி வந்தவன். 2003இல் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்மேன் வேலை. மெஷினுக்கு என்ன என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஒருநாள் ராத்திரி கம்ப்ரசருக்குள் தட்டுகிற சத்தம். திரவம் ஏறுகிறது என்று ஓடிப்போய் வால்வை அடைத்து மெஷினைக் காப்பாற்றினேன். காலையில் அதை இங்கிலீஷில் அறிக்கையாக எழுது என்றார்கள். நான் எழுதியதைப் படித்த மேனேஜர், தப்பே என்னுடையது என்று புரிந்துகொண்டார். ஐந்தாம் மாதம் டிக்கெட் கையில் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து ஆறு மாசம் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. உடம்புக்கு ஒத்துக்கலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹ்லிங்கா அதற்குப் பிறகு ரஷ்யாவில் ஓம்ஸ்க் அணிக்குப் போனார். 2004இல் திரும்பவும் செக் தேசிய அணிக்கு அழைத்தார்கள். உலகக் கோப்பைக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது, ஆகஸ்ட் 16 அன்று, கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். 54 வயது. லிட்வினோவ் அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

அதைப் படித்துக் காட்டிய ராத்திரி பையன் சீக்கிரம் போனை மூடிவிட்டான். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி இருக்கும், கம்ப்ரசர் சத்தம் லேசாகக் கனத்தது. நான் எழுந்திருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் எழுந்து ஆயில் கேஜைப் பார்க்கப் போனான்.