எந்த வீச்சு முக்கியம்?

தொடர்களுக்கும் படங்களுக்கும் ஒலி சேர்ப்பது என் வேலை. ராஜா காலத்துக் கதை வந்துவிட்டால் பாதி நேரம் வாள் சத்தத்திலேயே போகும். உருவ ஒன்று, வீச ஒன்று, மோத ஒன்று என அடுக்கிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது என்பதை ‘கோனன் தி பார்பேரியன்’ என்ற ஹாலிவுட் வாள்வீரன் படத்தையும் அதன் மறு ஆக்கத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஆமாம், கேட்டு.

1982இல் ஜான் மிலியஸ் இயக்கிய படம் மோனோ ஒலியில், அதாவது ஒரே தடத்தில், வெளியானது. இருந்தும் தொடக்கத்தில் கோனனின் அப்பா வாள் வார்க்கும் காட்சியில் பேசில் போலடூரிஸின் இசை எழும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். அதைவிடப் பெரிய பாடம் அம்மா சாகும் இடம். வில்லன் தல்சா டூம் அவளையே பார்க்கிறான். விட்டுவிட்டுப் போவதுபோல் திரும்புகிறான். அவள் வாளைத் தாழ்த்துகிறாள். ஒரே வீச்சு. பையன் பிடித்திருந்த கை நழுவிப் போகிறது. ஒரு வசனம் கிடையாது. அந்த ஒரு வீச்சுக்காக அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கிறார்கள்.

2011இல் மார்கஸ் நிஸ்பெல் பல்கேரியாவில் எடுத்த படம் 3டியில் வந்தது. ஜேசன் மொமோவா நல்ல தேர்வு. ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1932 முதல் கதைகளில் எழுதிய சிறுத்தை நடைக் கோனனுக்கு அவர்தான் நெருக்கம் என்பேன். ஆனால் படம் போர்க்களத்தில், வெட்டுப்பட்ட தாயின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுப்பதில் ஆரம்பிக்கிறது. இதற்கு மேல் எங்கே ஏறுவது? மணலிலிருந்து வீரர்கள் எழுந்து வரும் சண்டையில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முடிந்தபின் ஓர் அடிகூட நினைவில் நிற்கவில்லை. ரான் பெர்ல்மன் நடித்த அப்பா, மகனைக் காப்பாற்ற உருகிய உலோகத்தைத் தன்மேல் கொட்டவிடும் இடம் மட்டும் நின்றது. சுமார் 9 கோடி டாலர் செலவு. திரையரங்க வசூல் அதை எட்டவில்லை.

ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்ஸிங் அறையில் “இன்னும் ஏத்துங்க” என்று கேட்பது பெரும்பாலும் பயம்தான். ஆள் எழுந்து போய்விடுவானோ, சேனலை மாற்றிவிடுவானோ என்ற பயம். மறு ஆக்கம் என்றால் பழைய படம் எல்லார் காதிலும் இருக்கும், பயம் இரட்டிப்பாகும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நானும் ஏற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே இயக்குநரிடம் பேசிவிடுகிறேன். “சார், இந்த எபிசோடில் எந்த வீச்சு முக்கியம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.” சிலர் மூன்று சொல்வார்கள். சரி, மூன்று. மற்றதையெல்லாம் அதற்குக் கீழேதான் வைப்பேன் என்று அப்போதே சொல்லிவிடுவேன்.