ஸ்காலப் போடும் சம்பளம்

மீன்வள அறிவியலிலோ கடல்வளப் பொருளாதாரத்திலோ அமெரிக்காவில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் எல்லோரும் முதலில் ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) பட்டியல்களைத்தான் துழாவுவார்கள். அதில் கண்ணில் படுவது, நோவா என்ற அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனத்தின் மீன்வளத் துறையும், கடலாய்வுக்கு நிதி தரும் சீ கிராண்ட் திட்டமும் சேர்ந்து தருவது. நமக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கும். மீன் தொகைக் கணக்கீட்டுக்கு ஒரு பிரிவு, கடல்வளப் பொருளாதாரத்துக்கு ஒரு பிரிவு, கூடவே வழிகாட்ட நோவா விஞ்ஞானி ஒருவர். ஆனால் விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஃபெல்லோஷிப்பும் (மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 37,000 டாலர்) குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். எந்த அறிவிப்பிலும் தகுதிப் பத்தியை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குச் சோறு போடுவது அசிஸ்டன்ட்ஷிப். பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சித் திட்டத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்கிறோம். கல்விக் கட்டணத்தை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், கையில் சம்பளம் வருகிறது. ஆகவே பேராசிரியருக்கு எழுதும் மடலில் ஆர்வம், கனவு என்று நீட்டாமல், வரும் ஆண்டில் மாணவருக்குப் பணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பணம் எதற்கு இருக்கிறதோ அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும் என்பது இதன் மறுபக்கம். ரோட் ஐலண்ட் மாநிலத்துக்கு நான் காட் மீன் பற்றி ஆராயும் நினைப்பில் வந்தேன். பணம் இருந்தது ஸ்காலப் சிப்பிக்கு. சரி என்று ஒப்புக்கொண்டேன். இன்று யோசித்தால், பொருளாதாரம் படிப்பவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது. 1994-இல் காட், ஹேடக் போன்ற மீன்களைக் காப்பாற்ற நியூ இங்கிலாந்துக் கடலில் உள்ள ஜார்ஜஸ் திட்டில் பெரும் பரப்புகளை மீன்பிடிப்புக்கு மூடினார்கள். ஸ்காலப் வாரும் இரும்பு வாரிகளும் உள்ளே போக முடியாமல் போயிற்று. காட் எதிர்பார்த்தபடி மீளவில்லை. யாரும் கணக்கில் வைக்காத ஸ்காலப் உள்ளே கொழுத்துப் பெருகிவிட்டது. பிறகு 2004-இலிருந்து பகுதி பகுதியாக மூடுவதும் திறப்பதும் முறையாக நடக்கிறது. மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்ட் பல ஆண்டுகள் தொடர்ந்து, பிடிப்பின் மதிப்பில் நாட்டின் முதல் துறைமுகமாக இருந்ததற்கு ஸ்காலப்தான் காரணம்.

அந்தத் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்குவது சிப்பியல்ல. கடலிலேயே சிப்பியின் ஓட்டைத் திறந்து, வெள்ளைத் தசையை மட்டும் வெட்டியெடுத்து, துணிப் பைகளில் கட்டி, பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். விலை எண்ணிக்கையில் இருக்கிறது. பவுண்டுக்குப் பத்துக்கும் குறைவாக நின்றால் ‘யூ-10’, அதற்குத் தனி மவுசு. இன்னும் ஓராண்டு மூடி வைத்தால் தசை பெரிதாகும், விலை ஏறும். அதற்குள் எவ்வளவு தானாகவே செத்துப்போகும்? என் ஆய்வு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இடையில் வரி. அசிஸ்டன்ட்ஷிப் சம்பளத்துக்கு டபிள்யூ-2 படிவம் வரும். கோடையில் துறை சிறு ஃபெல்லோஷிப் கொடுத்தால் அதற்கு 1042-எஸ் என்ற வேறு படிவம், பெரும்பாலும் 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் நிலையான கழிவு உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இது கிடையாது. அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த நாடு எனக்குப் பிடிபட்டது வகுப்பறையில் அல்ல, நியூ இங்கிலாந்து மீன்வள மேலாண்மைக் கவுன்சிலின் கூட்டங்களில். மீன்பிடி விதிகளை வகுக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய எட்டு வட்டாரக் கவுன்சில்களில் இதுவும் ஒன்று. ஏதாவது ஓட்டல் மண்டபத்தில் நடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், மைக்கில் பேசலாம். ஒரு முறை, விஞ்ஞானிகளின் வரைபடம் திரையில் இருக்கும்போதே ஒரு கேப்டன் எழுந்து, நாலாக மடித்த தாளைப் பிரித்து, தான் வாரிய இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். உங்கள் ஆய்வுக் கப்பல் நான் போகும் இடத்துக்கு வருவதே இல்லை என்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. எதிரே இருந்த விஞ்ஞானி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

காபி இடைவேளையில் அதே கேப்டன் என்னிடம் வந்து, எந்தப் படகு என்று கேட்டார். படகு இல்லை, மாணவன் என்றேன். “அப்போ உனக்கு யார் சம்பளம் போடுறாங்க?” ஸ்காலப்தான் என்றேன், சிரித்துவிட்டார். பொய்யில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஸ்காலப்பில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்குகிறார்கள். அதைப் பிடித்து விற்ற பணத்தில் ஆய்வுகள் நடக்கின்றன. அப்படி ஒரு திட்டத்தில்தான் என் வேலை. அதற்கு யாரும் என் குடியுரிமையைக் கேட்கவில்லை.

இந்த ஒதுக்கீட்டில் தேர்வான திட்டங்களை நோவா வெளியிடுகிறது. ஃபெல்லோஷிப் பட்டியல்களை மூடி வைத்துவிட்டு அதைப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்குப் புதிதாகப் பணம் வந்திருக்கிறது என்பது அதில் இருக்கும். மடலை அவர்களுக்கு எழுதுங்கள்.