முதல் டிஎஸ்எல்ஆர்: பாடியைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, "முப்பதாயிரத்துக்குள்ள நல்ல டிஎஸ்எல்ஆர் ஒண்ணு சொல்லுங்க மாமா" என்று கேட்டாள். டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா. எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான்" என்றாள். முதல் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் கடைக்காரரிடம் இதையேதான் சொன்னேன். அதனால் பட்டதை அவளுக்குச் சொன்னேன். அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அன்று நான் வாங்கியது பழைய நிக்கான் டி3300. அதோடு, கல்யாண வீட்டில் மங்கலான வெளிச்சத்திலும் நன்றாக எடுக்கும் என்று சொல்லி, 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் ஒன்றையும் அந்தக் கடையில் கொடுத்தார்கள். லென்ஸ் பழுதில்லாததுதான். ஆனால் அதற்குள் படத்தைத் தானாகத் தெளிவாக்கும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா உடலில், இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3300, டி3500, டி5600 ஆகிய பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபோது லென்ஸ் அசையவே இல்லை. விலையைப் பார்த்து வாங்கிய எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே, நிக்கானின் தொடக்கநிலை பாடியை வாங்குகிறவர்கள் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்க வேண்டும். கேனானில் இந்தச் சிக்கல் இல்லை. 1987இல் இஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) வந்த நாளிலிருந்தே அந்நிறுவனம் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது. பழைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் சேர்க்க நினைப்பவருக்கு 1500டி போன்ற கேனான் பாடி வசதியாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். இவ்விரு நிறுவனங்களும் இப்போது புதிய மாடல்களை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வகையில்தான் வெளியிடுகின்றன என்பதால், டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களில் பலர் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கே போக வேண்டியிருக்கும். அங்கே இந்த வேறுபாடு தெரிந்திருப்பது மிக அவசியம்.

மெகாபிக்ஸலைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்கத் தேவையில்லை. 24 மெகாபிக்ஸல் படம் ஏறத்தாழ 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைத்தாலும் 3600க்கு 5400 போதும்.

எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். எனக்கு நம் தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் மீது தீராத ஈடுபாடு. ஆநிரை காக்கப் போரிட்டு இறந்த வீரனின் உருவம் அந்தக் கல்லில் மிகக் குறைந்த புடைப்பாகவே செதுக்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே உள்ள வட்டெழுத்து அதைவிட மெல்லியது. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் தெரியும். கேமராவின் சொந்த ஃபிளாஷ் அதைவிட மோசம், நேர் எதிரே இருந்து அடித்துப் புடைப்பை முழுவதும் தட்டையாக்கிவிடும். பொழுது சாய்ந்த பிறகு கேமராவை டிரைபாடில் நிறுத்தி, லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8இல் வைத்து, ஷட்டரைப் பத்து நொடி திறந்துவிட்டு, ஒரு சாதாரண டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒளியை மெல்ல நகர்த்தினால், வில்லின் நாணும் இடையில் செருகிய குறுவாளும் எழுத்தின் கீறல்களும் ஒவ்வொன்றாக நிழல் பெற்று எழும்புவதைத் திரையில் காணலாம். என்னை முதலில் ஏமாற்றிய அந்த 50 மி.மீ. லென்ஸ் இந்த வேலையை அழகாகச் செய்தது, ஏனெனில் கல் ஓடிப்போவதில்லை. கையால் வளையத்தைத் திருப்பி, வியூஃபைண்டரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும் வரை பொறுமையாக இருக்கலாம்.

அதே கேமராவோடு பொங்கலுக்குப் பிறகு கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவுக்குப் போனபோது ஒரு படம்கூடத் தேறவில்லை. அங்கே 1/1000 நொடி ஷட்டர் வேகமும், தானாக ஃபோகஸ் செய்யும் 55-250 மி.மீ. போன்ற லென்ஸும், தடுப்புக்கு வெளியே பாதுகாப்பாக நிற்க ஓர் இடமும் வேண்டும். ஆகவே கற்களைத் தேடிப் போகிறவர் மலிவான பாடியோடு நல்ல டிரைபாட் வாங்கட்டும். எருதுகளையும் கெலவரப்பள்ளி அணைப் பறவைகளையும் தேடிப் போகிறவர் பாடியில் மிச்சம் பிடித்து, தூரத்தில் இருப்பதை அருகே காட்டும் நீண்ட லென்ஸில் போடட்டும்.

கையில் பிடித்துப் பார்ப்பதும் முக்கியம். டி3500 பேட்டரியோடு 415 கிராம். 1500டி அதைவிடச் சற்றுக் கனம். ஒரு சார்ஜில் நிக்கான் 1550 படங்கள் வரையும் கேனான் 500 படங்கள் வரையும் எடுக்கும் என்பது நிறுவனங்கள் தரும் கணக்கு; காலையில் கிளம்பி இரவு திரும்பும் ஊர்ப்பயணங்களில் இந்த வித்தியாசம் உண்மையாகவே தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்து, கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தொடக்கநிலைப் பாடிகள் எவற்றுக்கும் நீர்ப் பாதுகாப்புக் கிடையாது. ஒகேனக்கல்லில் பரிசலில் சாரல் பட நனைந்து, உலராமலே பைக்குள் மாதக்கணக்கில் கிடந்த கேமராக்களில் பூஞ்சை எளிதில் பிடித்துவிடும். பிறகு லென்ஸை மாட்டி, துளையை எஃப் 16க்குக் குறைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

அக்கா மகளை உடனே எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லி, என் பழைய டி3300ஐயும் அதோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸையும் ஒரு மாதத்துக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நேற்று முதல் படங்களை அனுப்பினாள்: பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அம்மாவின் விரல்கள், ஆட்டுக்குட்டியின் முகம், பாட்டியின் காது. எல்லாமே ஓரடி, இரண்டடி நெருக்கத்தில் எடுத்தவை. அவளுக்குத் தேவை நீண்ட லென்ஸ் இல்லை என்று இப்போதைக்குத் தெரிகிறது.