ஒப்லடி ஒப்லடா: விடுதிப் பையன்கள் பிழையாகப் பாடிய பாட்டு

1969ஆம் ஆண்டு விடுதி விழாவில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் மேடையேறி "ஒப்லடி ஒப்லடா" என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடியதை அன்று சபையில் இருந்தவர்களில் சிலராவது நினைவில் வைத்திருக்கக்கூடும். இரவல் வாங்கிய கித்தார் ஒன்றும், முரசுக்குப் பதிலாகக் கவிழ்த்து வைத்த றங்குப்பெட்டி ஒன்றுமே எங்களிடம் இருந்த வாத்தியங்கள்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கில சேவையில் அந்தப் பாட்டு எப்போது போகும் என்று காத்திருந்து, ஆளுக்கொரு அடியாகப் பங்குபோட்டு அதன் வரிகளை எழுதியெடுத்தோம். சந்தையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் டெஸ்மண்டும், இசைக்குழுவில் பாடும் மொலியும் காதலித்து, மோதிரம் மாற்றி, பிள்ளைகளோடு மகிழ்ந்து வாழ்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் கதை எதுவும் கிடையாது. கடைசிச் சரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் இரைச்சலில் அமிழ்ந்துபோனதால், அதற்கு முந்திய சரணத்தையே மறுபடியும் பாடிவிடலாம் என்று தீர்மானித்தோம். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மேடையில் நான் பதற்றத்தில் பெயர்களை மாற்றிப் பாட, மொலி பிள்ளைகளோடு வியாபாரத்தைக் கவனிக்கவும், டெஸ்மண்ட் வீட்டிலிருந்து முகத்தை அலங்கரிக்கவும் நேர்ந்தது. விடுதிப் பொறுப்பாசிரியரே வாய்விட்டுச் சிரித்தார். கல்லூரியை விட்டு வெளியேறும்வரை எனக்குப் "பவுடர் டெஸ்மண்ட்" என்பதே பெயர்.

1974இல் மேற்படிப்புக்காக இலண்டன் வந்த பின்னர், நண்பர் ஒருவரின் அறையில் பீற்றில்ஸ் குழுவினரின் வெள்ளை அட்டை போட்ட இரட்டை இசைத்தட்டைக் கேட்டபோது, அந்தப் பாட்டு புதியதொரு குரலில் ஒலித்தது. அதை யாரோ பார்த்துப் பாடியது என்றே முதலில் எண்ணினேன். உண்மையில் நாங்கள் வானொலியில் கேட்டுப் பழகியதுதான் மறுபதிவு; அது கிளாஸ்கோவைச் சேர்ந்த மார்மலேட் குழுவினருடையது. பீற்றில்ஸ் 1968 நவம்பரில் வெளியிட்ட இந்தப் பாட்டைப் பிரித்தானியாவில் தனி இசைத்தட்டாக விடாததால், பிறருக்கு வழி திறந்திருந்தது. 1969 ஜனவரியில் மார்மலேட் அதைக்கொண்டு பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தை எட்டிய முதல் ஸ்கொட்லாந்துக் குழு அதுவே. அதைக் கொண்டாடத் தொலைக்காட்சியில் அவர்கள் ஸ்கொட்லாந்துப் பாவாடை அணிந்து தோன்ற, ஆங்கிலேயரான அவர்களது முரசுக்காரர் மட்டும் பழைய ஆங்கிலப் படையின் செஞ்சட்டையில் வந்தாராம். லீட்ஸ் நகரின் மேற்கிந்தியக் குழுவான பெட்றொக்ஸும் அதே காலத்தில் இதைப் பாடியிருக்கிறது. ஜமேக்கா இசையைப் போலச் செய்ய எழுதப்பட்ட பாட்டு என்பதாலோ என்னவோ, என் காதுக்கு அவர்களுடையதே இயல்பாகப் படுகிறது.

இத்தனை குதூகலமான பாட்டு இத்தனை மனக்கசப்போடு உருவானது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நைஜீரியாவைச் சேர்ந்த ஜிம்மி ஸ்கொட் என்ற கொங்கா (கைமுரசு) வாத்தியக்காரர் அடிக்கடி சொல்லும் சொற்றொடரை எடுத்துப் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இதை எழுதினார். ஸ்கொட் பின்னர் அதற்குப் பங்கும் கேட்டார். 1968 ஜூலையில் நாள் கணக்காக மீண்டும் மீண்டும் ஒலிப்பதிவு செய்ததில் அதே குழுவின் ஜோன் லெனனுக்குப் பாட்டே வெறுத்துப்போய்விட்டது. ஒருநாள் அவர் எரிச்சலோடு பியானோவில் அமர்ந்து வேகமாக அடித்ததுதான், பிறகு பாட்டின் தொடக்கமாகவே நிலைத்தது. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் அந்த மாதமே வேலையை விட்டு விலகினார்.

அந்த அறையில் கடைசிச் சரணம் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மொலி பிள்ளைகளோடு சந்தையில் நிற்க, டெஸ்மண்ட் வீட்டிலிருந்து தன் முகத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தான். மக்கார்ட்னி பெயர்களைத் தவறுதலாக மாற்றிப் பாடினார் என்பதையும், கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனதால் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதையும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வாசித்தறிந்தேன். அன்றிரவு அந்த விளக்கமெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. ஊரில் இருந்த றங்குப்பெட்டிக்காரனுக்கு உடனே விமானத் தபாலில் எல்லாவற்றையும் எழுதி, பட்டப்பெயரைத் திரும்பப் பெறுமாறு முறைப்படி கோரினேன். மூன்று வாரம் கழித்து வந்த அவனது பதில், "அன்புள்ள பவுடர் டெஸ்மண்டுக்கு" என்று தொடங்கியிருந்தது.