வலி காலில், ஊசி முதுகில்

எனக்கு முதுகு வலிக்கவே இல்லை. இடது பிட்டத்தில் கிளம்பி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்பகுதி வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். இருமினால் உயிர் போகும். அதனால் இரண்டு வாரம் காலுக்குத்தான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் உடனே ஸ்கேன் எழுதவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் கத்திவிட்டேன். நுனிக்காலில் நடக்க முடிந்தது, குதிகாலில் நடக்கத் தடுமாறினேன். இடது கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்தினார்; எதிர்த்து நிற்க அதற்குப் பலமில்லை. "ஐந்தாவது இடுப்பு நரம்பு மாதிரி தெரிகிறது" என்றார். சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, மலவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்திருக்கிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்றார். கூச்சப்பட்டு இதை மறைத்துவிடாதீர்கள்.

எம்ஆர்ஐயில் 4வது, 5வது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. அப்படியானால் 4வது நரம்புதானே நசுங்க வேண்டும்? மருத்துவர் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். 4வது நரம்பு ஜவ்வுக்கு மேலேயே ஓட்டை வழியாக வெளியேறிவிடுகிறது. அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டிய 5வது நரம்புதான் ஜவ்வின் பின்புறத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. பின்பக்கம் நடுவில் ஒரு தசைநார்ப் பட்டை தடுப்பதால், ஜவ்வு பெரும்பாலும் சற்று ஓரமாகப் பிதுங்கி நேராக அந்த 5வது நரம்பின் மேல் போய் முட்டுகிறது. என் கட்டைவிரல் ஏன் சோர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மாத்திரை, மெதுநடை என்று ஆறு வாரம் போனது. வலி குறைந்தது, ஆனால் தூங்கவிடவில்லை. அப்புறம்தான் முதுகில் ஸ்டீராய்டு ஊசி என்றார்கள். தண்டுவடத்தில் குத்திவிட்டால்? அந்தப் பயத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அவர் என் இடுப்பெலும்பின் இரண்டு மேல்விளிம்புகளிலும் கை வைத்து, "இந்தக் கோடு ஏறக்குறைய 4வது முள்ளெலும்பு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். இதற்குக் கீழே குதிரைவால் போல நரம்பு இழைகள்தான்" என்றார். ஊசி அந்த இழைகளை மூடியிருக்கும் உறைக்கும் வெளியேதான் நிற்குமாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். மருந்து உள்ளே போகும்போது காலில் பழைய வலியே ஒருமுறை ஓடியது. சரியான இடம்தான் என்றார்கள். அந்த மருந்து ஜவ்வை உள்ளே தள்ளாது, நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் குறைக்கும். பிதுங்கிய பகுதியைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது.

நான்காவது நாள் முழு இரவும் தூங்கினேன். கட்டைவிரலுக்குப் பலம் திரும்ப மூன்று மாதம் ஆனது. பாதத்தின் மேல் கொஞ்சம் மரத்த இடம் இன்னும் இருக்கிறது.