மட்டக்களப்புக்கு மேல் வரும்போது ஓடுபாதை மாறினால்

பாங்கொக்கிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் அது ஏறக்குறைய மட்டக்களப்புக்கு மேலால் போகும். கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்து வருகிற கோடு பொத்துவில் பக்கம். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க சுமார் 113 கடல் மைல். 36,000 அடியில் வருகிற ஜெட் இறங்கத் தொடங்க வேண்டிய தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே வாவி கீழே தெரிகிற நேரத்தில் என்ஜின் ஐடிலுக்கு, அதாவது ஆகக் குறைந்த விசைக்கு, வந்துவிடும். எந்த ஓடுபாதை என்று நம்பி இறங்குகிறோமோ, அதன் மைல் கணக்கிலேயே முழு இறக்கமும் ஓடும்.

கட்டுநாயக்கவில் பாதை ஒன்றுதான், முனை இரண்டு: 04 (வடகிழக்கு நோக்கி இறங்குவது), 22 (தென்மேற்கு நோக்கி). கிழக்கிலிருந்து வருபவருக்கு 22 அநேகமாக நேர்வழி. 04 என்றால் விமான நிலையத்தைத் தாண்டித் தென்மேற்குப் பக்கம் போய்த் திரும்ப வேணும், சுமார் 25 மைல் கூட. 22 என்று வந்து 04 ஆனால் பெரிய பிரச்சினை இல்லை, தூரம் கூடும், நேரமும் கிடைக்கும். மற்றப் பக்கம் மாறினால்தான் கஷ்டம்.

அது வருவதும் வழமையான ஒரு காரணத்தால்தான். தை, மாசியில் காலை வேளை அந்தக் கரையில் தரைப்பக்கமிருந்து வடகிழக்குக் காற்று மெதுவாக வீசும், காற்றுக்கு எதிரே இறங்குவதால் 04 ஓடும். வெயில் ஏற, கடற்காற்று மேற்கிலிருந்து உள்ளே வந்து 22 ஆகிவிடும். எங்கட கிழக்குக் கரையில் மத்தியானம் கொண்டல் உள்ளே வருவதும் இதே காரணத்தால்தான், திசை மட்டும் எதிர். காலை பத்து, பதினொரு மணிக்கு இறங்குபவர் ஏடிஸ் என்ற விமான நிலையத் தகவல் ஒலிப்பதிவில் 04 என்று கேட்டாலும் அதை நம்பி இருக்கக்கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் அடிக்கு மூன்று மைலுக்குச் சற்று மேல், வேகம் குறைக்கப் பத்து மைல் என்று வையுங்கள். விமான நிலையத்துக்கு 60 மைலில் இருக்கிறீர்கள், 04 என்பதால் ஓட வேண்டியது 85 மைல். உயரம் 22,500 அடி, சரியாகத்தான் இருக்கிறது. "22 எடுக்கிறீர்களா?" என்று கொன்ட்ரோலர் கேட்கிறார். 60 மைலுக்கு இருக்க வேண்டிய உயரம் 15,000. ஒரு சொல்லில் 7,500 அடி மிச்சமாகிவிட்டது.

உடனே ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல் எழும்பும் காற்றுத்தடைத் தகடுகள்) முழுவதும் இழுத்து, 300 நொட்டுக்கு (மணிக்கு 300 கடல் மைல்) மேல் வைத்து நிமிடத்துக்கு 4,000 அடி இறங்கினால் மைலுக்கு 600 அடி போகும், அதாவது வழமையைவிட 300 அடி கூட. 10,000 அடி வரும்போது 39 மைல் மிச்சம். அங்கே 250 நொட்டுக்குக் குறைக்க இன்னும் ஏழு மைல் கரையும். மிச்ச உயரம் அப்போதும் தீராது. இது இறுக்கம்தான். யோசிக்க ஒரு நிமிடம் எடுத்தால் ஏழு மைல் போய்விட்டது, பிறகு இறுக்கம்கூட இல்லை, முடியாது. ஸ்பீட்பிரேக் வேகம் கூடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுகா இறங்கப் பார்ப்பவர்கள் அதன் பலத்தை வீணாக்குகிறார்கள். கீழே வந்தபின் உதவுவது சக்கரம்தான், அதை முன்கூட்டியே விடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே என் வழக்கம், பதில் சொல்லுமுன் மைல் கேட்பது. "எத்தனை மைல் தருவீர்கள்?" அந்த 60 மைலோடு பத்து மைல் சுற்று கிடைத்தால் எடுக்கலாம். இல்லையென்றால் "அனேபிள்", முடியாது. கொன்ட்ரோலர் கோபிக்க மாட்டார், வேறு வழி தருவார்.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே நடந்த விபத்தும் இதே வடிவம். அமெரிக்கன் எயார்லைன்ஸ் 757 வடக்கிலிருந்து வந்தது. திட்டம் 01, அதற்கு நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேணும். நேராக 19 தரட்டுமா என்று கொன்ட்ரோலர் கேட்டார், விமானிகள் சரி என்றார்கள். உயரம் குறைக்க ஸ்பீட்பிரேக். அவசரத்தில் ரோசோ என்ற வழிகாட்டுப் புள்ளிக்காக கணினியில் 'ஆர்' எழுத்தைப் போட, அது பொகோட்டா அருகிலுள்ள ரோமியோ என்ற புள்ளியை எடுத்து விமானத்தை இடதுபுறம் மலைப்பக்கம் திருப்பியது. தரை நெருங்கும் எச்சரிக்கை ஒலித்து மேலே ஏற்றியபோதும் ஸ்பீட்பிரேக் உள்ளே போகவில்லை, விமானம் மலையில் மோதியது. 163 பேரில் நால்வர் தப்பினர். இங்கே நாங்கள் இறங்கும் வழியிலும் நக்கிள்ஸ் மலை இருக்கிறது.

எடுப்பதென்று முடிவானால் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கணினியில் தட்டுவார். இருவரும் குனிந்து கணினியைப் பார்க்கக்கூடாது. ஓட்டோபைலட் ஹெடிங்கில், அதாவது நாங்கள் கொடுத்த திசையில், இருக்கட்டும். புதிய அப்ரோச், அதாவது இறங்கும் வழி, போட்டதும் பழைய வழிக்கும் புதியதற்கும் நடுவே இடைவெளி விழும், அதை இணைக்காவிட்டால் விமானம் பிடித்த திசையிலேயே நேரே போய்க்கொண்டிருக்கும். எக்ஸிகியூட் (மாற்றத்தை உறுதிசெய்யும் பொத்தான்) அழுத்துமுன் ஓட்டுபவர் திரையில் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சரி சொல்ல வேணும். பிறகு ஐஎல்எஸ் (பாதைக்கு வழிகாட்டும் வானொலி) அலைவரிசை, இறுதித் திசை, மினிமா (பாதை தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரம்), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது) உயரம். மினிமாதான் அடிக்கடி தப்பும்: ஒன்றில் பழையது கிடக்கும், இல்லாவிட்டால் அழிந்து வெறுமையாக இருக்கும்.

தரையிறங்கும் தூரத்தை மறுபடி போடாமல் விடுகிறவர்கள் அதிகம். காற்று இன்னும் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். 140 நொட் அப்ரோச்சில் பத்து நொட் எதிர்காற்று என்றால் தரை வேகம் 130, அதே பத்து பின்காற்றானால் 150. நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். பாதை நனைந்திருந்தால் ஓட்டோபிரேக்கையும் வெளியேறும் டக்ஸிவேயையும் மாற்றிச் சொல்லுங்கள்.

முகிலுக்குள் 1,000 அடியில், தெளிவான வானில் 500 அடியில், வேகமும் இறக்கமும் அடங்கியிருக்க வேணும். அடங்கவில்லையென்றால் கோ-அரவுண்ட், பேச்சுக்கு இடமில்லை.

இத்தனையையும் அவசரத்தில் செய்யாமலிருக்க வழி உண்டு. வங்காள விரிகுடா மேல் இருக்கும்போதே கணினியின் மாற்றுத் திட்டத்தில், அதாவது எயார்பஸ்ஸில் செக்கண்டரி பிளானில், போயிங்கில் ரூட் 2-இல், மறுமுனையை முழுதாக ஏற்றி வையுங்கள். இரண்டு முனைக்கும் தரையிறங்கும் தூரத்தையும் அப்போதே போட்டு, "50 மைலுக்குள் மாற்றினால் எடுக்கமாட்டோம்" என்று பிரீபிங்கில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை காற்றை எந்தப் பக்கமும் திருப்பும், அப்போது அந்த எல்லையை 60 ஆக்கலாம்.